ஹார்ட்டாக்

ஹார்ட்டாக் என்பது பிபிசி நிறுவனம் தயாரித்து வழங்கிய ஆங்கில நேர்காணல் நிகழ்ச்சி ஆகும். இது 1997 முதல் 2025 வரை தொலைக்காட்சியில் இடம்பெற்றது. பிபிசி உலக சேவை வானொலியிலும் ஒலிபரப்பப்பட்டது.

அமைப்பு

ஏறத்தாழ அரை மணி நேரம் ஒரே விருந்தினரிடம் வினாக்கள் தொடுக்கப்படும். அவருடைய முந்தைய கூற்றுகளும் செயல்களும் எடுத்துக்காட்டப்பட்டு, அவற்றுக்கு விளக்கம் கோரப்படும். மழுப்பலான விடை வந்தால் அதே வினா மீண்டும் எழுப்பப்படும். முதலில் டிம் செபாஸ்டியனும், பின்னர் நீண்டகாலம் ஸ்டீபன் சாக்கரும் இதனை நடத்தினர்.

குறிப்பிடத்தக்க நேர்காணல்கள்

கரண் தாப்பர் நடத்திய ஹார்ட்டாக் இந்தியா நிகழ்ச்சியில், 2004 ஆம் ஆண்டு அன்றைய தமிழக முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா பங்கேற்றார். வினாக்களால் சினமுற்ற அவர், இவ்வுரையாடல் தமக்கு மகிழ்ச்சி அளிக்கவில்லை எனக் கூறி விடைபெற்றார்.

2024 ஆம் ஆண்டு, எண்ணெய் அகழ்வினால் வெளியேறும் கரிமம் பற்றிச் சாக்கர் வினவியபோது, கயானாவின் குடியரசுத் தலைவர் இர்பான் அலி குறுக்கிட்டார். தம் நாடு காத்துவரும் காடுகளைச் சுட்டிக்காட்டி, வளர்ந்த நாடுகளின் பொறுப்பைப் பற்றி எதிர்வினா எழுப்பினார். இந்நேர்காணல் உலகெங்கும் பரவலாகப் பார்க்கப்பட்டது.

நிறைவு

செலவுக் குறைப்பின் ஒரு பகுதியாக இந்நிகழ்ச்சி நிறுத்தப்படும் என 2024 அக்டோபரில் பிபிசி அறிவித்தது. 2025 மார்ச்சில் இது நிறைவடைந்தது.