மீன் இருக்கும் இடத்தில் டேரா போடாதே!

1900-ம் வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போடிநாயக்கனூருக்கு நேர் மேலே, மூணாறு பக்கம் நீங்கள் ஒரு தோட்டத்துரை. வருடம் பூராவும் மழை, அட்டை, கணக்குப் புத்தகம். துரைசாணிக்கு அலுத்துவிட்டது. பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். சீமையிலிருந்து தருவித்த தூண்டில் கழி ஒன்று சுவரில் சும்மா தொங்குகிறது. பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. குடும்பத்தோடு தண்ணீர் ஓரமாக டேரா அடித்து, மீன் பிடித்து, சுட்டுச் சாப்பிட்டு வரவேண்டும். எங்கே போவீர்கள்?

கடற்கரைக்கு என்றுதான் யாரும் சொல்வார்கள். சென்னைப் பட்டணத்து வெள்ளைக்காரர்களுக்கு எண்ணூர் இருந்தது. படகு, மீன், காற்று... சௌகரியமாகப் போய்வந்தார்கள். போடிக்காரருக்கு? மேப்பை விரித்து ஸ்கேலை வையுங்கள். மேற்கே அரபிக்கடல் நேர்கோட்டில் சுமார் 120 கிலோமீட்டர். கிழக்கிலும் தெற்கிலும் கடல் 150 கிலோமீட்டருக்கு மேல். பக்கத்தில் இருக்கும் கடலுக்கும் நமக்கும் நடுவில் மலைத்தொடரே படுத்திருக்கிறது. தூரத்தில் இருக்கும் கடலுக்கோ முதலில் மலை இறங்கி, போடியிலிருந்து மாட்டுவண்டியில் தேனி, பெரியகுளம் வழியாக அம்மையநாயக்கனூர் போய் ரயில் பிடிக்கவேண்டும். இன்றைய கொடைரோடு ஸ்டேஷன்தான் அது. போடிக்கே ரயில் வந்தது 1928-ல்தான். லீவில் பாதி வண்டியிலேயே கழிந்துவிடும்!

சரி, கடல் வேண்டாம். மலை அடிவாரத்தில் ஆறுக்கா பஞ்சம்? குரங்கணி மலையில் பிறந்து போடிக்கு வரும் கொட்டகுடி ஆறு இருக்கிறது. அந்தப் பக்கம் முல்லை ஆறு. பாறையில் மோதி, நுரைத்து, மடுவில் தேங்கி நிற்கும் தண்ணீர். மேலே மரநிழல். மடுவில் கெண்டை. தூண்டில்காரன் சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் இப்படித்தான் இருக்கும்.

அந்தச் சொர்க்கத்தில் ஒரு ராத்திரி தூங்கினால் போதும்... பத்துப் பதினைந்து நாளில் குளிர்ஜுரம் ஆளைப் பிடித்து உலுக்கும்.

மலைக்காய்ச்சல் என்று நம் ஊரில் சொன்னது அதைத்தான். மலேரியா. மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச் சரிவுகளில் அதைச் சுமந்த கொசுக்களில் முக்கியமானது ஒன்று உண்டு. சாக்கடைக் கொசு அல்ல. சுத்தமான தண்ணீர்தான் அதற்கு வேண்டும். மெல்ல நகரும் தெளிந்த ஓடை, கரையில் கொஞ்சம் புல். அங்கேதான் முட்டையிடும். அதாவது, மீன் பிடிக்க நீங்கள் எந்த இடத்தைத் தேடிப் போவீர்களோ, அச்சு அசலாக அதே இடம்!

கொசுவை மலேரியாவோடு முடிச்சுப்போட்ட ரொனால்டு ராஸே இதில் மாட்டியவர். 1897 ஏப்ரலில் லீவு எடுத்துக்கொண்டு ஊட்டிக்குப் போனார். காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்று ஆராய நீலகிரியின் வடக்குச் சரிவில் சீகூர் மலைப்பாதைக்கு இறங்கினார். சில நாட்களில் அவருக்கே மலேரியா. அதே ஆகஸ்ட்டில் செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். நோபல் பரிசு பிற்பாடு வந்தது.

காரணம் தெரிவதற்கு ரொம்ப முன்னாலேயே, இடம் தப்பு என்பது அனுபவத்தில் தெரிந்திருந்தது. அந்த அனுபவத்துக்குக் கொடுத்த விலைதான் அதிகம். 1830-களில் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகளைப் பாருங்கள். வெயிலும் வியாதியும் மனைவி, குழந்தை என்று ஒவ்வொருவராகக் கொண்டுபோயின. குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு கோடை வாசஸ்தலம் வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று முதலில் சிறுமலைக்குப் போனார்கள். குளுகுளுவென்றுதான் இருந்தது. ஆனால் உயரம் போதவில்லை. காய்ச்சல் அங்கேயும் ஏறி வந்தது. அதன்பிறகுதான் பழனிமலையில் இன்னும் மேலே ஏறி, 1845-ல் இரண்டு பங்களா கட்டினார்கள். கொடைக்கானல் என்ற ஊர் அப்படித்தான் ஆரம்பித்தது. ஹனிமூன் ஜோடிகள் ஏரியைச் சுற்றி சைக்கிள் மிதிக்கும் ஊருக்கு அடித்தளம் போட்டது, பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரின் பயம்.

அந்த ஏரியும் பிறகு வெட்டியதுதான். 1863-ல் மதுரை கலெக்டர் வெரே ஹென்றி லெவிஞ் ஓடைக்குக் குறுக்கே கரை கட்டி உண்டாக்கினார். படகை தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். கடலுக்குப் போக முடியாவிட்டால் என்ன, கடலோரப் படகை மலைக்கு ஏற்றிவிடலாம் என்று துணிந்த ஆசாமி!

கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியிலும் இதே கதை. பென்னிகுயிக் பெரியாறு அணையைக் கட்டியபோது காட்டுக்குள் இருந்த கேம்ப்பில் காய்ச்சல் ஆட்களை அள்ளியது. ஏப்ரல் முதல் ஜூன் வரை மிக மோசமான காலம் என்பதால் வேலையையே நிறுத்திவைத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நாம் முழுப்பரீட்சை லீவு விடுகிற அதே மாதங்கள்.

ஆக, விதி எளிமையானது. காய்ச்சல் எட்டாத உயரத்துக்குப் போய்த்தான் டேரா போடவேண்டும். நாலாயிரம் அடிக்கும் மேலே, ஐயாயிரம், ஆறாயிரம் அடி.

அங்கேதான் அடுத்த வம்பு. உயரத்து ஓடைகளில் மீன் கிடையாது. கிடையவே கிடையாது என்று சொல்லமுடியாது. விரல் நீளத்துக்குச் சில இனங்கள் பாறையை ஒட்டிக்கொண்டு பிழைத்தன. ஆனால் தூண்டிலை வளைக்கிற பெரிய மீன் எதுவும் அத்தனை அருவிகளையும் தாண்டி ஏறி வந்துவிட முடியாதே. மீன் இருக்கும் இடத்தில் தூங்க முடியாது. தூங்க முடிந்த இடத்தில் மீன் இல்லை!

நீங்களும் நானும் என்றால் கருவாட்டோடு முடித்துக்கொண்டிருப்போம். வெள்ளைக்காரன் மீனையே இறக்குமதி செய்ய முடிவெடுத்தான்.

அவன் ஊர் ஓடையில் துள்ளும் டிரவுட் மீன்தான் அவனுக்கு வேண்டும். இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய டாக்டர் ஃபிரான்சிஸ் டே, 1863-லும் 1866-லும் இங்கிலாந்திலிருந்து டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்தார். முடியவில்லை. குளிர்ந்த தண்ணீரில் மட்டுமே உயிர்வாழும் முட்டை. வெப்பக் கடலைத் தாண்டி வரவேண்டிய கப்பல். எப்படி நடக்கும்? நாற்பது வருடம் இழுத்த சமாசாரம் இது. 1906-ல் சென்னை அரசாங்கம் எச்.சி. வில்சன் என்ற மீன்வளர்ப்பு நிபுணரை நியமித்தது. மறுவருடம் நீலகிரியில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் வந்தது. இதற்கிடையே இலங்கையில் தேயிலைத் துரைகள் நுவரெலியா ஓடைகளில் டிரவுட்டை நிலைநாட்டியிருந்தார்கள். இனி சீமைக்குப் போகவேண்டாம், பாக் நீரிணையைத் தாண்டினால் போதும்.

நம் போடிக்கு மேலே இருந்த ஹைரேஞ்ச் துரைகளும் சும்மா இருக்கவில்லை. தூண்டில்காரர்களுக்கென்றே ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். மூணாறு பக்கத்து ஓடைகளிலும் ஏரிகளிலும் டிரவுட் விட்டார்கள். ராஜமலையில் குஞ்சு பொரிப்பகமும் வந்தது.

அவர்களுடைய அன்றாடத்தைத் தாங்கி நின்றது இந்தப் பக்கத்துச் சரிவு என்பதையும் சொல்லவேண்டும். குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-ல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. இழுத்தது காளை மாடு! 1908-ல் அதை எடுத்துவிட்டுச் சின்ன ரயிலே போட்டார்கள், நீராவி எஞ்சினோடு. டாப் ஸ்டேஷன் வரை ரயில். அங்கிருந்து கொட்டகுடிக்கு சுமார் 5 கிலோமீட்டர் ரோப்வே. தேயிலைப் பெட்டி அந்தரத்தில் தொங்கிக்கொண்டு கீழே இறங்கும். அரிசி மூட்டை மேலே ஏறும். கொட்டகுடியிலிருந்து போடிக்கு வண்டிப்பாதை. 1924 ஜூலை வெள்ளம் அந்த ரயிலை ஒரேயடியாகத் துடைத்துப் போட்டது. பிறகு யாரும் அதைத் திரும்பப் போடவில்லை.

மீனைக் கொண்டுவந்து விட்டாயிற்று. யார் பிடிப்பது?

கதையில் எனக்கு முள்ளாக உறுத்துகிற இடம் இதுதான். மலைக்குடிகளும் அடிவாரத்து ஜனங்களும் தூண்டிலை மட்டும் நம்பியிருந்தவர்கள் அல்ல. கோடையில் வற்றுகிற மடுவை அடைத்து, ஊத்தா போட்டு, சிலசமயம் காட்டுக்காயை இடித்துக் கரைத்து மயங்கிய மீனைப் பொறுக்கி எடுத்தார்கள். அன்றைய குழம்புக்கு அது. பொழுதுபோக்கு என்று யாரும் நினைத்ததில்லை.

நீலகிரியில் 1879-லேயே வேட்டைக்கும் மீனுக்கும் தனிச் சட்டம் வந்தது. பிடிக்கக்கூடாத காலம் இது, லைசென்ஸ் இது என்று கட்டுப்பாடுகள். சென்னை ராஜதானியில் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி 1873-ல் புத்தகமே எழுதியவர். குஞ்சுகளைக்கூட விடாத பொறிகளையும் விஷத்தையும் எதிர்த்து அரசாங்கத்துக்கு எழுதியவரும் அவரே. 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தோ விஷம் கலந்தோ மீன் பிடித்தால் இரண்டு மாதம் வரை ஜெயில் அல்லது 200 ரூபாய் வரை அபராதம்.

வெடி வைப்பது அக்கிரமம்தான். ஒரு தோட்டாவில் மடுவே செத்துப்போகும். தாமஸ் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காலத்தில் 200 ரூபாய் என்பது மலைக்கூலிக்காரன் கண்ணால் பார்க்காத தொகை. ஒரே ஓடை. கழியோடு நின்றால் அவர் ஸ்போர்ட்ஸ்மேன். காயை இடித்துக் கரைத்தால் அவன் குற்றவாளி. துரையின் குடும்பம் நிம்மதியாக லீவைக் கழிக்க, ஓடை, மீன், சட்டம் மூன்றையும் ஏற்பாடு செய்யவேண்டியிருந்தது.

காட்டில் வழிகாட்ட மட்டும் அதே மலைக்குடிகள்தான் வேண்டியிருந்தார்கள். எரவிகுளம் மேட்டில் வேட்டைக் காவலுக்கும் வழித்துணைக்கும் முதுவான்களைத்தான் வைத்துக்கொண்டார்கள். எந்தப் பாறைக்கு அடியில் ஒதுங்கலாம், எந்தப் புல்சரிவு எப்போது காயும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். புல் முழுக்கக் காய்வதற்கு முன்பே துண்டு துண்டாக எரித்துவிடுவது எரவிகுளத்தில் வழக்கம். பெரிய தீ வந்தால் தாவ இடம் இருக்காது. அதைச் செய்கிற கைகளும் முதுவான்களுடையவை. 1971-ல் கேரள அரசு கண்ணன் தேவன் கம்பெனியிடமிருந்து அந்த மேட்டை எடுத்துக்கொண்டது. 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. இன்று அங்கே நீங்கள் தூண்டிலோடு போனால் வனத்துறை பிடித்துக்கொள்ளும்.

பெரியாறு ஏரியில் நிலைமை வேறு. அங்கே மன்னான், பளியர் மக்களுக்கு மீன்பிடிக்கும் உரிமை இருக்கிறது. ஆனால் வலையில் விழுவதில் வெளியூர் மீன்கள் ஏராளம். சீமைக் கெண்டை, திலாப்பியா, ஆப்பிரிக்கக் கெளுத்தி... வெளியிலிருந்து வந்தவை இங்கேயே பெருகி, அந்த மலைக்கே உரிய மீன்களை நெருக்கிக்கொண்டிருக்கின்றன.

மலேரியா பயம் பெரும்பாலும் போய்விட்டது. அதனால் மலையில் தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது சுலபமாகிவிட்டது என்று நாம் நினைத்தோம். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. வாரக்கடைசிக்காகச் சென்னை, ஈரோடு பக்கங்களிலிருந்து வந்தவர்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். கொட்டகுடி ஆறு பிறக்கும் அதே மலை. காய்ந்த புல்சரிவில் தீ. ஓட இடமில்லை. சம்பவ இடத்திலும் பிறகு ஆஸ்பத்திரிகளிலுமாக 23 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், பெண்கள். கொசுவுக்குப் பயந்து ஏப்ரலை ஒதுக்கிவைத்த அதே மலைத்தொடரில், மார்ச்சில் புல் என்ன நிலைமையில் இருக்கும் என்பதை நாம் மறந்துவிட்டோம். அதே வருடம் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. முன் அனுமதி இல்லாமல் இப்போது ஏறமுடியாது.

இனி அந்தத் தோட்டத்துரை முதலில் நினைத்த கடற்கரைக்கே போய்விடலாம் என்று தோன்றினால் தப்பில்லை. போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்றது. பன்னிரண்டரை வருடம் தண்டவாளத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள் போடிக்காரர்கள். 2023 ஜூன் 15-ல் அகலப்பாதையில் திரும்ப வந்தது. போடியில் ஏறி மதுரையில் மாறினால் ராமேஸ்வரம். மண்டபத்திலோ பாம்பனிலோ கரையில் நின்று பிள்ளைகளுக்குத் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொடுக்கலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முழுப்பரீட்சை லீவு அதற்குள்தான் வருகிறது. தடை விசைப்படகுகளுக்குத்தான், கரையில் தூண்டில் போடுகிறவர்களுக்கு இல்லை. ஒன்றும் சிக்காமல் வாங்கிச் சமைக்கலாம் என்று போனால், அந்த இரண்டு மாதமும் மார்க்கெட்டில் விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.