மெர்சிங் வட்டாரமும் தோட்டப்பள்ளி நினைவுகளும்

ஜொகூரின் கிழக்குக் கரையில் மெர்சிங் ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்த மீன்பிடி நகரம் மெர்சிங். தியோமான் தீவுக்குப் படகுகள் இங்கிருந்து புறப்படுகின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை கடலையும் சாலையையும் ஒருசேர முடக்கும்.

நகருக்குத் தெற்கே ஜெமாலுவாங் வரை ரப்பர் தோட்டங்கள் இருந்தன. 1942 ஜனவரி 26 இரவு, அங்குள்ள நித்ஸ்டேல் தோட்டத்தில் ஆஸ்திரேலியப் படை ஜப்பானியரை மறைந்திருந்து தாக்கியது. அடுத்த ஆண்டு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சயாம்–பர்மா ரயில் பாதை அமைக்க ஜப்பானியரால் கொண்டுசெல்லப்பட்டனர். பலர் திரும்பவே இல்லை. தந்தையரை இழந்த பிள்ளைகளின் கல்வி எப்படிச் சிதைந்தது என்பது இன்னும் முழுமையாக எழுதப்படாத வரலாறு.

அக்காலத் தோட்டப்பள்ளி பெரும்பாலும் ஒரே அறைதான். கங்காணியோ (மேற்பார்வையாளர்) கிராணியோ (எழுத்தர்) பாடம் நடத்திய பள்ளிகளும் உண்டு. விடியலில் பெற்றோர் பெரட்டுக்கு (வேலைக்கு முந்தைய வருகைக் கணக்கெடுப்புக்கு) போய்விட, மூத்த பிள்ளைகள் தம்பி தங்கைகளோடு வகுப்புக்கு வந்தனர். 1957 கல்விச் சட்டத்துக்குப் பின் இப்பள்ளிகள் தேசியக் கல்வி முறையில் இணைந்தன. ஆறாம் வகுப்பை முடித்தோர் மொழி மாறிப் படிப்பதற்கான புகுமுக வகுப்பில் பயின்று இடைநிலைப்பள்ளிக்குச் சென்றனர். பழைய மாணவர் சந்திப்புகளில் இந்த மாற்றம் பேசப்படுவதுண்டு.

ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தபோது லயன்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) காலியாயின. குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. பள்ளிகளும் குறைந்தன: 1957-இல் 888 ஆக இருந்த நாட்டின் தமிழ்ப்பள்ளிகள், இன்று ஏறத்தாழ 530.