மெத எலத் தண்ணீர் எங்கே போகிறது?



கண்டி டவுனில் ஒரு ஹோட்டலில் கழுவி ஊற்றும் தண்ணீர் எங்கே போகும் என்று வகுப்பில் கேட்டால், "கானுக்கு சேர்" என்பதோடு பதில் நின்றுவிடும். நம் ஊர் சம்பந்தப்படுவது அந்தக் கானுக்குப் பிறகுதான்.

கண்டி ஒரு கிண்ணம் மாதிரி. சுற்றிலும் மலை, நடுவில் பள்ளம். பள்ளத்தில் இருந்த வயலை மறித்து, கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் வாவியைக் கட்டினான். வாவி நிரம்பி வழியும் நீர் மெத எல வழியாக டவுனைக் கடந்து கெட்டம்பேயில் மகாவலியில் விழுகிறது. மழைநீர் ஓட இருந்த ஓடை அது. 1815இல் வெள்ளைக்காரன் பிடித்த பிறகு டவுன் வளர்ந்தது. சரிவெல்லாம் வீடு, லொட்ஜ், கடை. வீட்டுக்கு வீடு மலக்குழி. மலைச் சரிவில் குழி எவ்வளவு நீரைக் குடிக்கும்? கசிந்தது, வழிந்தது, சிலர் நேரடியாகவே கானுக்கு விட்டார்கள். 1999இல் வாவி முழுவதும் பச்சைப் பாசி படர்ந்தபோதுதான் பலருக்கு விஷயம் உறைத்தது.

2010இல் ஜப்பானின் ஜைக்கா கடன் கொடுக்க, நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கன்னொறுவையில் சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டியது. 1638இல் இரண்டாம் ராஜசிங்கன் போர்த்துக்கேயரை முறியடித்த அதே கன்னொறுவைதான். வீதிகளைத் தோண்டிக் குழாய் பதிக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுபட்டது, டிரபிக்கில் நின்றவர்களுக்கு ஞாபகமிருக்கும். ஒரு நாளைக்கு 14,000 கன மீட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அளவு அதற்குண்டு. மந்திரம் ஒன்றுமில்லை: குப்பையை வடித்து, காற்றை ஊட்டி, பக்டீரியாவை அழுக்கைத் தின்ன வைத்து, சேற்றைப் படிய விட்டு, தெளிந்த நீரை ஆற்றுக்கு விடுவதுதான். ஆனால் குழாயோடு இணைந்த கட்டடங்களின் கழிவுநீர் மட்டுமே அங்கே போகும். இணையாதவரின் கழிவு இன்னும் பழைய வழியில்தான்.

நமக்கென்ன என்று கேட்கலாம். கெட்டம்பேயைத் தாண்டிய அதே ஆற்றிலிருந்துதான் கட்டுகஸ்தோட்டையில் குடிநீர் எடுக்கிறார்கள். அதற்குக் கீழே பொல்கொல்லை அணை, நம் வாசலில். 1976 முதல் அங்கிருந்து ஒரு பங்கு நீர் சுரங்கம் வழியாக உக்குவளைக்குப் போய், கலாவெவ விவசாயி வரை சேர்கிறது. டவுன்காரர் ஒருவர் கானுக்கு விடுவது இத்தனை பேரின் தண்ணீரில் கலக்கிறது.

டவுனைக் குறை சொல்லும் முன் மடவளையையும் பார்க்க வேண்டும். கன்னொறுவைக் குழாய் இங்கே வராது. நமக்கும் மலக்குழிதான், நம் பள்ளத்து நீரும் கடைசியில் மகாவலிக்குத்தான், விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குத்தான். பஸாரில் கடைகளும் மாடி வீடுகளும் பெருகிய வேகத்தில் குழிகள் பெருகவில்லை. பவுசரைக் கூப்பிட்டு இறைக்கிறோம். அதை அவர்கள் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? பள்ளிவாசல் நிர்வாகமும் கடைக்காரர்களும் சேர்ந்து பிரதேச சபைக்கு இந்த ஒரு கேள்வியை எழுதிக் கேட்கலாம். கடிதம் எழுத நான் தயார். கூட வருபவர்கள் கீழே பெயரைப் போடுங்கள்.