ஆறு பேர் உட்கார்ந்து பேசினால்...

நாகூரைத் தாண்டி காரைக்கால் போகிற சாலையில் கொஞ்ச தூரத்திலேயே ஒரு செக்போஸ்ட் வரும். அதற்கு அந்தப் பக்கம் வாஞ்சூர். கடலோரமாக கீழவாஞ்சூர். 2009-ல் துறைமுகம் வந்த பிறகு லாரிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊர். அதற்கு முன்பே வேறொரு கூட்டத்துக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டைவிடக் குறைந்த விலையில் புதுச்சேரி சரக்கு கிடைக்கிற முதல் ஊர் அல்லவா!

அந்த செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய்விட்டு வருகிற புருஷனால் எத்தனை வீட்டில் சண்டை நடந்திருக்கும் என்று யாரும் கணக்கு எடுத்ததில்லை. ஆனால் இந்த வாரம் நாம் பார்க்கப் போவது பாட்டிலை அல்ல. பாட்டிலுக்கோ, மாமியாருக்கோ, நகைக்கோ பிறகு வருகிற பஞ்சாயத்தை. இன்றைய பாஷையில் சொன்னால், மேரேஜ் கவுன்சலிங்.

அதற்கு ஏன் வாஞ்சூர்? காரணம் இருக்கிறது. 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. தஞ்சாவூர் மராட்டிய அரசரிடமிருந்து வாங்கினார்கள். பிற்பாடு நாகூர் பக்கம் ஆங்கிலேயர் கொடி. ஒரே கடல், ஒரே தமிழ், ஒரே மீன்குழம்பு. ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் முறைத்துக்கொண்டு நின்றால், அந்தப் பக்கத்துக்கு ஒரு சட்டம், இந்தப் பக்கத்துக்கு ஒரு சட்டம்.

முதலில் பிரெஞ்சுக்காரர்கள் கதை.

1789-ல் புரட்சி வெடித்தது. மூன்று வருஷம் கழித்து, 1792 செப்டம்பரில், பிரான்சில் விவாகரத்துச் சட்டம் வந்தது. இரண்டு பேரும் சம்மதித்தால் பிரியலாம். ஆனால் உடனே அல்ல. புருஷன் தரப்பில் மூன்று, மனைவி தரப்பில் மூன்று என்று குறைந்தது ஆறு உறவினர்களைக் கூட்ட வேண்டும். உறவு இல்லாவிட்டால் நண்பர்கள். அவர்கள் காரணத்தைக் கேட்பார்கள், புத்தி சொல்வார்கள். 'எங்களுக்கு ஒத்துப்போகவில்லை' என்று ஒருவர் மட்டும் வந்து நின்றால் இன்னும் கஷ்டம். மாதக்கணக்கில் இடைவெளி விட்டு மூன்று முறை கூட்டம் நடக்க வேண்டும்.

நம் ஊர் திண்ணைப் பஞ்சாயத்து மாதிரியே இருக்கிறது இல்லையா?

அப்புறம் நெப்போலியன் வந்தார். 1804-ல் அவருடைய சிவில் சட்டம் இதை இன்னும் இறுக்கியது. சம்மதத்தின் பேரில் பிரிய வேண்டுமானால் கல்யாணமாகி இரண்டு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும், இருபது வருஷத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. மனைவிக்கு 45 வயது ஆகிவிட்டால் முடியாது. அப்பா அம்மா சம்மதம் வேண்டும். ஒரு வருஷத்தில் நான்கு முறை போய் அதே விருப்பத்தைச் சொல்ல வேண்டும். கடைசியில், ஆளுக்கு இரண்டு நண்பர்களோடு நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். அந்த நண்பர்கள் ஐம்பது வயது தாண்டிய, ஊரில் மதிப்புள்ள ஆசாமிகளாக இருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சட்டம் அதன் எஜமானருக்கே உதவவில்லை. 1809 டிசம்பரில் நெப்போலியன் ஜோசபினைப் பிரிந்தபோது அந்த அம்மாவுக்கு 46 வயது. சட்டப்படி முடியாது. செனட் சபையில் தனித் தீர்மானம் போட்டுத்தான் பிரிந்தார். ஊருக்கு உபதேசம்!

1816-ல் மன்னராட்சி திரும்பியதும் பிரான்ஸ் விவாகரத்தையே ஒழித்துவிட்டது. 1819 ஜனவரியில் சிவில் சட்டம் புதுச்சேரி, காரைக்காலுக்கு வந்தபோது அது விவாகரத்து இல்லாத சட்டமாகத்தான் வந்து இறங்கியது. கூடவே ஒரு உறுதிமொழி: இந்தியர்களுக்கு அவரவர் சாதி வழக்கப்படியே தீர்ப்பு. எந்தச் சாதிக்கு என்ன வழக்கம் என்று வெள்ளைக்கார நீதிபதிக்கு எப்படித் தெரியும்? 1827-ல் புதுச்சேரியில் ஒன்பது இந்தியர்களைக் கொண்ட ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தார்கள். கோர்ட்டு கேட்கும், குழு சொல்லும்.

கவனியுங்கள். அந்தக் குழுவிடம் போன கேள்வி 'வழக்கம் என்ன?' என்பதுதான். 'அந்தப் பெண் என்ன நினைக்கிறாள்?' என்பதல்ல.

1881-ல் இன்னொரு திருப்பம். 'என் சாதி வழக்கம் எனக்கு வேண்டாம், பிரெஞ்சு சட்டமே போதும்' என்று கையெழுத்துப் போட்டுத் தரலாம் என்றார்கள். போட்டவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பெயர். துறந்தவர்கள் என்று அர்த்தம். போட்டால் போட்டதுதான், திரும்ப வாங்க முடியாது. குடும்பத் தலைவர் போட்டால் மனைவிக்கும் வயதுக்கு வராத பிள்ளைகளுக்கும் சேர்த்தே செல்லும். 1962-ல் காரைக்கால் சட்டபூர்வமாக இந்தியாவோடு சேர்ந்தது. அடுத்த வருஷம் இந்து திருமணச் சட்டம் அங்கே நீட்டிக்கப்பட்டபோது, ரெனோன்சான்களுக்கு மட்டும் அது பொருந்தாது என்று தனியாக ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரி இன்றும் இருக்கிறது.

சரி, எல்லைக்கு இந்தப் பக்கம் ஆங்கிலேயர் என்ன செய்தார்கள்?

அவர்களிடம் இருந்த ஆயுதம் 'சேர்ந்து வாழும் உரிமை' வழக்கு. பிரிந்து இருக்கிற மனைவியைத் திரும்ப வரச் சொல்லி புருஷன் கோர்ட்டுக்குப் போகலாம். பம்பாயில் ருக்மாபாய்க்கு அதுதான் நடந்தது. பதினோரு வயதில் கல்யாணம். வளர்ந்த பிறகு, 'அவரோடு வாழ மாட்டேன்' என்றார். 1887-ல் கோர்ட்டு சொன்னது: ஒரு மாதத்துக்குள் புருஷன் வீட்டுக்குப் போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் ஜெயில். 'ஜெயிலுக்கே போகிறேன்' என்றார் ருக்மாபாய். கடைசியில் 1888-ல் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து சமரசம். பிறகு அவர் லண்டன் போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பினார்.

ஆக, அந்தப் பக்கம் பெரியவர்கள் சொல்கிற வழக்கம். இந்தப் பக்கம் ஜெயில் மிரட்டல். இரண்டுக்கும் தெரிந்த பதில் ஒன்றுதான்: 'அனுசரிச்சுப் போம்மா.'

கவுன்சலிங் என்ற தொழில் பிறந்தது வெகு பிற்பாடு. அதன் பிறப்பும் அவ்வளவு சுத்தமானதல்ல. 1930-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் குடும்ப ஆலோசனை நிலையம் திறந்தவர் பால் போபனோ. அதற்கு முன்னால் பேரீச்சை மர ஆராய்ச்சி செய்தவர்! 'தகுதியற்றவர்கள்' பிள்ளை பெறக் கூடாது, கட்டாயக் கருத்தடை செய்ய வேண்டும் என்று பிரசாரம் செய்த ஆசாமி. 'தகுதியான' ஜோடிகள் பிரியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கவலை. 1953-ல் ஒரு பெண்கள் பத்திரிகையில் அவருடைய நிலையத்துக்கு வந்த கேஸ்கள் தொடராக வர ஆரம்பித்தன. முதலில் மனைவி தரப்பு, அடுத்து கணவன் தரப்பு, கடைசியில் ஆலோசகர். அமெரிக்கா விழுந்து விழுந்து படித்தது. இதற்கிடையில் 1938-ல் லண்டனிலும் திருமண வழிகாட்டிக் கவுன்சில் ஒன்று தொடங்கியிருந்தது.

அதே 1953-ல் நம் துர்காபாய் தேஷ்முக் சீனாவுக்குப் போனார். சென்னையில் ஆந்திர மகிள சபாவை உருவாக்கியவர். அங்கே குடும்ப நீதிமன்றங்களைப் பார்த்தவர், இங்கேயும் வேண்டும் என்று நேருவிடம் சொன்னார். சொன்னது 1953. சட்டம் வந்தது 1984! சென்னையில் குடும்ப நீதிமன்றம் திறந்தது 1988. அங்கே கவுன்சலர் உண்டு. சமரசத்துக்கு முதலில் முயற்சி செய்ய வேண்டும் என்பது நீதிபதியின் கடமை. வக்கீல் வைத்துக்கொள்வது உரிமை அல்ல, கோர்ட்டு அனுமதித்தால்தான்.

1976-லிருந்து இந்து திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்து உண்டு. மனு போட்டு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். இனி சேர வழியே இல்லை என்று தெரிந்தால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். இன்றைக்கு ஒரு ஜோடி கவுன்சலரிடம் போனால் என்ன எதிர்பார்க்கலாம்?

முதலாவது, தீர்ப்பை எதிர்பார்க்காதீர்கள். 'யார் மேல் தப்பு?' என்று அவர் சொல்ல மாட்டார். சொன்னால் அவர் கவுன்சலர் இல்லை, ஏழாவது உறவினர். நல்ல கவுன்சலர் இரண்டு பேரையும் சேர்த்தும் பார்ப்பார், தனித்தனியாகவும் பார்க்கக்கூடும். தனியாகச் சொல்வதை மற்றவரிடம் சொல்வாரா மாட்டாரா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். கோர்ட்டு அனுப்புகிற கவுன்சலரா, நீங்களாகத் தேடிப் போன கவுன்சலரா என்பதிலும் வித்தியாசம் உண்டு. முன்னவருக்கு முடிவை கோர்ட்டுக்குச் சொல்கிற பொறுப்பு இருக்கிறது.

இரண்டாவது, சண்டையே நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் ஜான் காட்மன் பல வருஷம் தம்பதிகளின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார். சந்தோஷமான ஜோடிகளுக்குள்ளும் பெரும்பாலான தகராறுகள் கடைசி வரை தீருவதே இல்லை. அவர்கள் சண்டை போடுகிற விதம்தான் வேறு. அலட்சியமாக, இளக்காரமாகப் பேசுவதுதான் கல்யாணத்தை அரிக்கிற கரையான். கவுன்சலிங்கில் மாறக்கூடியது அந்தப் பேச்சு.

மூன்றாவது, 'சேர்ந்துவிட்டார்கள்' என்பது மட்டும் வெற்றி அல்ல. அசிங்கம் இல்லாமல், பிள்ளைகளை இழுபறி செய்யாமல் பிரிவதும் ஒரு முடிவுதான்.

நான்காவதுதான் முக்கியம். அடி விழுகிற வீட்டுக்கு இந்த விதி எதுவும் பொருந்தாது. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் வந்த பிறகு, புகார் கொடுக்கப் போன எத்தனையோ பெண்களை உட்கார வைத்து சமாதானம் பேசித் திருப்பி அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது. ஆனால் 2005-ம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டத்துக்காக 2006-ல் போட்ட விதிகளைப் படித்துப் பாருங்கள். கவுன்சலிங்கில், அடித்ததற்கு நியாயம் சொல்ல எதிர்த்தரப்புக்கு அனுமதி கிடையாது. அதை ஆரம்பிக்கும் முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும். 'அவ பேசினா, நான் அடிச்சேன்' என்ற வாதம் அந்த அறைக்குள் நுழையவே கூடாது.

பாரிஸில் கூடிய ஆறு உறவினர்கள், புதுச்சேரியின் ஒன்பது பேர் குழு, பம்பாய் கோர்ட்டு... எல்லோருக்கும் தெரிந்த அத்தனை சட்டத்திலும் இல்லாத வரி இது. வந்து சேர இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இந்தச் சட்டத்துக்கு செக்போஸ்ட் கிடையாது. நாகூர்ப் பெண்ணுக்கும் ஒன்றுதான், கீழவாஞ்சூர்ப் பெண்ணுக்கும் ஒன்றுதான். அடுத்த முறை உங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறு பேர் உட்கார்ந்து யாரையாவது 'அனுசரிச்சுப் போ' என்று சொல்ல வாயெடுத்தால், ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். 'நீ என்னம்மா நினைக்கிறே?' என்று கேளுங்கள்.

கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். கவுன்சலிங்கில் பாதி அதுதான்.