அகதிச் சிறுவரும் நம் இலக்கியமும்

அப்புத்தளை மலைமுகட்டில் நின்று தெற்கே நோக்கினால் தாழ்நிலங்கள் பரந்து கிடப்பதையும், வடக்கே நோக்கினால் ஊவாவின் மலைகள் அடுக்கடுக்காய் எழுவதையும் ஒருங்கே காணலாம். நிலத்தின் இரு புறங்களையும் காட்டும் இம்முகடு, வரலாற்றின் இரு புறங்களையும் கண்டது. போருக்கு அஞ்சிய சிறுவர் இம்மலைகளை நாடி வந்ததும் உண்டு. கொடுமைக்கு அஞ்சிய சிறுவர் இம்மலைகளை விட்டு ஓடியதும் உண்டு.

1942 ஏப்ரல் 5ஆம் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. அவ்வாண்டிலே கல்கிசைப் புனித தோமையர் கல்லூரியின் கட்டடங்கள் படையினரின் தேவைக்கு எடுக்கப்பட்டபோது, வெலிமடைப் பக்கத்துக் குருத்தலாவையில் அதன் கிளையொன்று திறக்கப்பட்டது. வசதி படைத்தோரின் பிள்ளைகள் மலையடிவாரத்தில் தங்கள் பாடத்தைத் தொடர்ந்தனர். அதில் தவறேதுமில்லை, போரின் நடுவிலும் பிள்ளையின் கல்வியைக் காப்பது நாகரிக சமுதாயத்தின் கடமை. ஆனால் அதே மலைகளிலிருந்து தோட்டத் தொழிலாளியின் பிள்ளை ஓட நேர்ந்தபோது, அவனுக்காக எந்தக் கல்லூரி கிளை திறந்தது?

அவனை ஒரு குழந்தையாகக் காண்பதற்கே அரசுகள் மறுத்துவிட்டன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவனுடைய பெற்றோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையொப்பமான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர் தொகையை 975,000 எனக் கணித்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் பின்னொருநாள் பேசிக்கொள்வதற்கென ஒதுக்கப்பட்டனர். அவ்வொப்பந்தத்தில் குழந்தைகளுக்கு ஒரு பெயர் உண்டு. ‘இயற்கைப் பெருக்கம்’ என்பது அது. பங்கிடப்பட்ட தொகையோடு அதன் இயற்கைப் பெருக்கமும் சேர்த்துக்கொள்ளப்படும் என்றனர். லயத்து அறையில் தாயின் மடியில் கிடந்த மகவு, இரு நாடுகளின் கணக்கேட்டில் வட்டி போல எழுதப்பட்டது! தலைமன்னாரை நோக்கிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்று பெயரிட்டார்கள். ஒப்பந்தம் எழுதியவர்களைவிட அம்மக்களே மெய்யான மொழியை அறிந்திருந்தார்கள்.

பின்னர் தீ வந்தது. 1977 ஆகஸ்டு வன்செயலின்போது தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் பல வடக்கே சென்று வவுனியாப் பகுதியில் ஒதுங்கின. காந்தீயம் இயக்கத்தினர், குறிப்பாக டேவிட் அவர்களும் மருத்துவர் இராஜசுந்தரம் அவர்களும், அவர்களைக் குடியமர்த்த உழைத்தனர். 1983 ஜூலை 27ஆம் திகதி நண்பகலில் பதுளைக் கடைவீதி எரிந்தது. தீயிட்ட கூட்டம் அங்கிருந்து பண்டாரவளைக்கும் ஆலி எலைக்கும் வெலிமடைக்கும் சென்றது. அதே நாளில் வெலிக்கடைச் சிறையினுள் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். ஓடியவரும் தாக்கப்பட்டனர், ஓடிவந்தவருக்குக் கூரை அமைத்தவரும் தாக்கப்பட்டார்.

மலையை விட்டு அகன்றவர்களிற் பலர் கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களில் வாழத் தொடங்கினர். அங்கும் போர் அவர்களைத் தேடிவந்தது. 1983இல் பத்து வயதுச் சிறுவனாய்ப் பெற்றோரின் கைபிடித்து ஓடியவன், 2009இல் முப்பத்தாறு வயதுத் தந்தையாய்த் தன் பிள்ளையின் கைபிடித்து ஓடினான். ஓடி முடிந்த இடம் மெனிக் பாம் முகாமின் முட்கம்பி. கடல் கடந்தோர் மண்டபம் முகாமில் இறங்கினர். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாய் வந்த இவர்களுடைய முன்னோரை நோய்த் தடுப்புக்கென நிறுத்திவைத்த அதே மண்டபம்! மூன்று தலைமுறையின் பயணம் புறப்பட்ட வாயிலிலேயே வந்து நின்றது.

இத்துணைப் பெரிய துன்பத்தை நம் பிள்ளைகள் எங்கே படிப்பார்கள்? இதுவே நாம் எழுப்ப விரும்பும் வினா.

ஐரோப்பாவில் போர் முடிந்ததும் அங்குள்ளோர் பிள்ளைகளுக்கென இதனை எழுதத் தொடங்கினர். இயன் செரெய்லியர் என்ற ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர் 1956இல் ‘வெள்ளி வாள்’ என்னும் நாவலை வெளியிட்டார். வார்சா நகரின் இடிபாடுகளிலிருந்து பெற்றோரைத் தேடிச் சுவிற்சர்லாந்துவரை செல்லும் சிறுவர்களின் கதை அது. ஜூடித் கெர் என்ற பெண்மணி ஒன்பது வயதில், 1933இல், குடும்பத்தோடு பெர்லினை விட்டு வெளியேறியவர். இசையும் ஆடலும் நிறைந்த திரைப்படம் ஒன்றைப் பார்த்த அவருடைய சிறிய மகன், அம்மாவின் இளமைக்காலம் எப்படி இருந்தது என்பது இப்போது தெரிந்துவிட்டது என்றானாம். அப்படி இருக்கவில்லையே என்று உணர்ந்த தாய் எழுத அமர்ந்தார். 1971இல் வெளிவந்த அவருடைய நாவலில், எந்த விளையாட்டுப் பொம்மையை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று ஒரு சிறுமி தேர்ந்தெடுக்கிறாள். கொடுங்கோன்மையின் முழு வடிவத்தையும் அந்த ஒரு தேர்விலே இளம் வாசகர் கண்டுகொள்வர். தாய் சொல்லாவிடின் திரைப்படம் சொல்லிவிடும். அது பொய்யாகவும் இருக்கும். இதுவே அவ்வரலாறு நமக்குத் தரும் பாடம்.

நம் நாட்டிலும் 1983ஐச் சிறுவனின் கண்ணால் காட்டிய நூல் உண்டு. சியாம் செல்வதுரை 1994இல் வெளியிட்ட ‘ஃபன்னி போய்’, வீடு எரியுண்டு கனடாவுக்குப் புறப்படும் கொழும்புக் குடும்பத்துச் சிறுவனின் கதை. ஆங்கிலத்தில் எழுந்த அந்நூலின் பெருமையை நாம் குறைத்துக் கூறவில்லை. எனினும் கனடாவுக்குப் போக வழியிருந்த பிள்ளைக்குக் கதை கிடைத்தது. கிளிநொச்சிக்கு லொறியில் ஏறிய பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. சி. வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் தோட்டத்து வாழ்வை இலக்கியமாக்கித் தந்தனர். ஆயின் அது முதிர்ந்தோருக்கான எழுத்து. பதின்மூன்று வயது மாணவி எடுத்துப் படிக்க, அவளுடைய பாட்டியின் ஓட்டத்தைச் சொல்லும் நாவல் நம் வகுப்பறை அலமாரியில் இல்லை.

இது வெறும் இலக்கியக் குறையன்று. அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவவில், புனர்வாழ்வு முகாமில் வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர் இருபதுக்கும் மேற்பட்டோர் 2000 ஒக்டோபர் 25இல் திரண்டு வந்த கூட்டத்தினரால் கொல்லப்பட்டனர். அவர்களில் பதினான்கு வயதுச் சிறுவரும் அடங்குவர். தண்டிக்கப்பட்டோரில் எஞ்சியிருந்தவரையும் 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. நாவல் ஒன்று அந்தக் கத்திகளைத் தடுத்திருக்கும் என்று கூறுவது பேதைமை. ஆனால் முகாமில் இருந்தவர்களை அக்கூட்டம் சிறுவராகக் காணவில்லை என்பது உண்மை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் அச்சத்தைச் சிறுவயதிலேயே படித்தறிந்த சமுதாயம், அப்பிள்ளையைப் பகைவனாகக் காணச் சற்றேனும் தயங்கும். ஆதலின் அந்நாவல் தமிழில் எழுதப்பட்டால் மட்டும் போதாது. சிங்களத்திலும் பெயர்க்கப்பட வேண்டும். பதுளையின் தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே கதையைப் படித்துக் கண் கலங்கும் நாளே நாம் வேண்டும் நாள்.

அகதி என்ற சொல்லுக்குக் கதியற்றவர் என்பது பொருள். நம் பிள்ளைகளோ கதியோடு கதையையும் இழந்து நிற்கின்றனர். கதியைத் தர அரசுகள் வேண்டும்; கதையைத் தர நாம் போதும். ஓடிவந்த நாளை நினைவிற் கொண்ட பாட்டிமார் இன்னும் நம்மிடையே உள்ளனர். ஆசிரியர்களே, மாணவரை அவர்கள்முன் அமர்த்துங்கள். கேட்டதை எழுதச் செய்யுங்கள். ஒப்பந்தம் ‘பெருக்கம்’ என்று குறித்த இடத்தில் ஒரு குழந்தையின் பெயரை எழுதுவோம்.