கல்கி கோச்லின்: ஒரு குடும்பப் பெயரும் ஒரு துணிக்கதையும்

வேலம்பாளையத்துல இருந்து பேசறேன். இன்னைக்கு எபிசோட் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு ஃபிரெஞ்சு நடிகையைப் பத்தி. பேரு கல்கி கோச்லின். 'கல்லி பாய்' படத்துல ஸ்கையா வருவாங்களே, அவங்கதான்.

"ஓ, அந்த வெள்ளைக்காரப் பொண்ணா?"ன்னு கேட்பீங்க. அந்த வெள்ளைக்காரப் பொண்ணு பிறந்தது 1984-ல, பாண்டிச்சேரியில. வளர்ந்தது ஆரோவில், அப்புறம் ஊட்டிப் பக்கம். பாஸ்போர்ட் ஃபிரெஞ்சு. ஆனா தமிழ் சின்ன வயசுலேயே வந்துடுச்சு. ஹிந்தியைத்தான் பின்னால கத்துக்கிட்டாங்க, நம்மள்ல பல பேரு மாதிரியே.

இவங்களை எந்த ஊர்க்காரங்கன்னு சொல்றது? அதுக்குப் பதில் தேட அந்தக் குடும்பப் பெயருக்குள்ள போகணும். உள்ள போனா, திருப்பூர்க்காரங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு சமாச்சாரம் இருக்கு: துணி.

17-ம் நூற்றாண்டுல நம்ம சோழமண்டலக் கரையில இருந்து கப்பல்ல போன பூப்போட்ட பருத்தித் துணிக்கு ஐரோப்பாவே மயங்கிக் கிடந்துச்சு. எத்தனை தடவை துவைச்சாலும் சாயம் போகாது. ஃபிரான்சுல இருந்த பட்டு, கம்பளி வியாபாரிகளுக்குப் பொழைப்பு போயிடும்னு பயம். 1686-ல அரசாங்கம் அந்தத் துணிக்கே தடை போட்டுச்சு. தடை விலகினது 1759-ல.

இந்த நடுவுலதான் சுவாரஸ்யம். 1742-ல கோர்தூன்னு ஒரு ஃபிரெஞ்சுப் பாதிரியார், நம்ம கரையில உட்கார்ந்து சாயம் போடற முறையை ஒவ்வொரு படியா எழுதி ஊருக்கு அனுப்பினாரு. முதல்ல துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த தண்ணியில ஊற வைக்கணும், படிகாரம் எங்க வரணும், சாயவேர் எப்போ வரணும்னு எல்லாம். இன்னைக்கு பாஷையில சொன்னா, நம்ம சோர்ஸ் கோடு வெளியே போச்சு.

நாலு வருஷம் கழிச்சு, 1746-ல, மூலூஸ்னு ஒரு ஊர்ல சாமுவேல் கோச்லின் தன் கூட்டாளிகளோட துணி பிரிண்டிங் பட்டறை ஆரம்பிச்சாரு. மூலூஸ் அப்போ தனிக் குடியரசு. 1798-லதான் ஃபிரான்சோட சேர்ந்துச்சு. அதனால ஃபிரான்சோட தடை அங்க செல்லாது. தொழில் பிச்சுக்கிட்டுப் போச்சு. கொஞ்ச காலத்துல அந்த ஊருக்கு 'ஃபிரான்சின் மான்செஸ்டர்'னே பேரு. கோச்லின் குடும்பம் துணியில இருந்து மெஷினுக்கும் போச்சு.

அதே குடும்பத்துல வந்தவர்தான் மொரிஸ் கோச்லின். 1884-ல, கூட வேலை பார்த்த எமில் நூகியேவோட சேர்ந்து ஒரு உயரமான இரும்புக் கோபுரத்துக்கு முதல் ஐடியா போட்டாரு. முதலாளிக்கு ஆரம்பத்துல பெருசா ஆர்வமில்ல. அந்த முதலாளி பேரு குஸ்தாவ் ஈஃபில். 1889-ல கோபுரம் நின்னப்போ அதுக்கு யார் பேரு வந்துச்சுன்னு நான் சொல்லணுமா? இன்ஜினியரா இருக்கற எல்லாருக்கும் அந்த வலி புரியும். கல்கி அந்த மொரிஸோட வம்சம்.

இப்போ எனக்குப் பிடிச்ச இடம். மூலூஸ்ல அச்சான அந்தத் துணிக்கு ஃபிரெஞ்சுல பேரு 'அந்தியென்'. பெண்பால் சொல். நேரா சொன்னா 'இந்தியாக்காரி'. அல்சாஸ்ல பிறந்த துணி இந்தியாக்காரி. பாண்டிச்சேரியில பிறந்த கல்கி வெள்ளைக்காரி!

இந்தக் குழப்பத்தை அவங்க நடிப்புக்கே மூலப்பொருளா ஆக்கிக்கிட்டாங்க. 2009-ல முதல் படம் 'தேவ் டி'. தேவதாஸ் கதையில வர்ற சந்திரமுகிதான் இங்க சந்தா. ஸ்கூல் படிக்கறப்போ அந்தரங்க வீடியோ வெளியே போயிடுது. ஊரே அதைப் பார்த்துட்டு, தப்பு மட்டும் அந்தப் பொண்ணு மேலன்னு சொல்லுது. கல்கி அதை அழுது நடிக்கல. ஒரு இறுக்கத்தோட, சில இடத்துல கிண்டலோட நடிச்சாங்க. ஃபிலிம்ஃபேர் துணை நடிகை விருது வந்துச்சு.

அதுக்கப்புறம் வந்த வாய்ப்பெல்லாம் 'ஃபாரின் பொண்ணு' வேஷமா இருந்தா என்ன பண்றது? பேனாவை எடுத்தாங்க. அனுராக் காஷ்யப்போட சேர்ந்து 'தட் கேர்ள் இன் யெல்லோ பூட்ஸ்' எழுதினாங்க. மும்பையில அப்பாவைத் தேடி அலையற ஒரு பிரிட்டிஷ் பொண்ணோட கதை. 'மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா'வுல பெருமூளை வாதம் இருக்கற லைலா. அவ நம்மகிட்ட பரிதாபம் கேட்கல. ஆசைப்படறா, பொய் சொல்றா, காதலிக்கறா. அதுக்கு தேசிய விருதுல நடுவர் குழுவோட சிறப்பு விருது கிடைச்சுது.

தமிழ் சினிமா? 2019-ல 'நேர்கொண்ட பார்வை'யில ஒரு பாட்டு. 2020-ல 'பாவக் கதைகள்'ல ஒரு வேஷம், பாத்திரத்தோட பேரே பெனலப்பி. தமிழ் தெரிஞ்ச, தமிழ்நாட்டுல வளர்ந்த நடிகைக்கு நாம ஒரு பாட்டு கொடுக்கவே பத்து வருஷம் ஆச்சு. 2025 பொங்கலுக்கு 'நேசிப்பாயா' வந்துச்சு. ஒரு கண்ணகியோ செல்வியோ இன்னும் வரல.

இதை ஏன் வேலம்பாளையத்துல உட்கார்ந்து பேசறேன்? நம்ம பனியன் கம்பெனிகள்ல கட்டிங், செக்கிங், அயர்ன்னு எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆளுங்க. அவங்க குழந்தைங்க இங்கேயே பிறந்து, "ஏனுங்க"ன்னு நம்மளை விட அழகாப் பேசுதுங்க. நாம வச்சிருக்கற பேரு 'வடக்கன்'. 2023 மார்ச்சுல போலி வீடியோ பரவினப்போ, பயந்துபோய் எத்தனை பேரு ரயில் ஏறினாங்கன்னு இந்த ஊருக்குத் தெரியும். விசாரிக்க பீகார்ல இருந்து அதிகாரிங்களே வந்தாங்க.

கல்கிக்கு வெள்ளைத் தோல் ஒரு தடைன்னா, அதே தோல் ஒரு வசதியும்தான். அவங்க தமிழ் பேசினா நாம கைதட்டுவோம். ஓவர்லாக் மெஷின் பக்கத்துல நிக்கற பையன் பேசினா கவனிக்கக் கூட மாட்டோம்.

துணி எங்க போனாலும் அதோட பேரும் ஊரும் மாறிக்கிட்டே இருந்திருக்கு. அதை அனுப்பியே சம்பாதிக்கற ஊரு இது. வர்ற மனுஷங்களை "எந்த ஊரு?"ன்னு கேட்கறதுல தப்பில்ல. "வேலம்பாளையம்"னு பதில் வந்தா நம்பணும், அவ்வளவுதான்.

'மார்கரிட்டா' பார்க்காதவங்க இந்த வாரம் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.