மோட்டார் வண்டியின் செப்பேடு

பழைய மோட்டார் வண்டிகளைப் புதுப்பிக்கும் அன்பர் சிலர், முகப்புப் பலகையிலோ எஞ்சின் அறையிலோ உள்ள அடையாளத் தகட்டையும் கண்ணாடிபோல் தேய்த்துவிடுகின்றனர். இஃது ஓர் ஆவணத்தை அழிப்பதாகும்.

கூலாய் நெடுஞ்சாலையில் ஒரு காலத்தில் ஓடிய ஃபோர்டு வண்டிகளையே கருதுவோம். 1926இல் சிங்கப்பூரில் நிறுவப்பெற்ற மலாயா ஃபோர்டு நிறுவனம், கனடா ஃபோர்டின் கிளையாகும். 1941 அக்டோபரில் புக்கித் தீமாவில் அதன் ஆலை எழுந்தது. நான்கே மாதத்தில், 1942 பிப்ரவரி 15இல், பிரித்தானியர் ஜப்பானியரிடம் சரணடைந்தது அவ்வாலையின் கூட்ட அறையிலேதான். போருக்குப்பின் இங்கிலாந்து ஃபோர்டு வண்டிகளும் அங்குப் பொருத்தப்பெற்றன. 1980இல் ஆலை மூடப்பட்டது. ஆக, கையிலுள்ள வண்டி எங்கே பிறந்தது, எங்கே பொருத்தப்பட்டது என ஆராய்வோர் முதலில் நாடும் சான்று அத்தகடே.

பல தகடுகளில் எண்கள், இரும்பு அச்சை வைத்துச் சுத்தியால் ஒவ்வொன்றாக அடிக்கப்பெற்றவை. வரிசை சற்றே கோணும், ஆழமும் வேறுபடும். அக்கோணலைத் திருத்திப் புதிதாய் அடிப்பது, மாணவன் விடைத்தாளில் நாமே எழுதிவிட்டு அவன் கையெழுத்தென்று காட்டுவது போலாம். கடாரத்தரசன் நாகையில் எடுப்பித்த விகாரத்துக்குச் சோழர் ஊர் அளித்ததைக் கூறும் ஆனைமங்கலச் செப்பேட்டை எவரேனும் அரம்கொண்டு தேய்ப்பரோ?

மென்மையான சோப்பு நீரும் பருத்தித் துணியும் போதும். மெருகுப்பொடி எழுத்துப் பள்ளங்களில் நிற்கும் பழைய வண்ணத்தையும் கொண்டுபோய்விடும். வண்ணம் உதிர்ந்த இடத்தில் மட்டும் மெல்லிய தூரிகையால் நிரப்புக. தகடு தொலைந்திருப்பின் போலி செய்து பொருத்தலாம். ஆனால் அதன் பின்புறத்தில், செய்த ஆண்டைப் பொறித்தே பொருத்துக.